தூங்கிப்போன பீர்

இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். எதைச் சொன்னாலும் முடிவை முதலில் கொட்டிவிட்டு, ஆரம்பத்தைத் தேடிக்கொண்டு திரும்பி ஓடுவது என் வழக்கம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்லித் தருவதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன். அதனால் எங்கள் வீட்டில் கதை சொல்கிற வேலை என் கணவர் எர்வினுடையது. இந்தக் கதையையும் அவர்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்லும்போது இதில் ஒரு வீரர் வருகிறார், ஒரு பீர் வருகிறது, கைதட்டல் வருகிறது. நான் வருவதில்லை. வந்தாலும் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தோடு ஓரமாக நிற்கிறேன்.

அவர் சொல்வது எதுவும் பொய் இல்லை. கதையில் பாதி அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தப் பாதியைத்தான் நான் சொல்லவேண்டும். எங்காவது முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நினைத்தாலே எனக்கு இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது.

முதலில் இடுக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

போலந்தின் சைலீசியாவில், எங்கள் குடியிருப்பில், சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கெல்லாம் ரயில் பாதையோரம் ஆளுக்கொரு துண்டுத் தோட்டம் உண்டு. ஒரு ஆப்பிள் மரம், நாலு பாத்தி, ஒரு சின்ன மரக்குடில். மே முதல் தேதி விடுமுறை வந்தால் அத்தனை தோட்டத்திலும் புகை எழும்பும். குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த கரியடுப்பைத் துடைத்துவைத்து, பன்றிக் கழுத்துக்கறியும் சாசேஜும், ரத்தமும் பார்லியும் அடைத்த க்ருப்னியோக்கும் வாட்டுவோம். நாங்கள் இரண்டு பேர், பக்கத்துத் தோட்டத்து அலோயிஸ், அவர் மனைவி ட்ரூடா. இந்த நாலு பேருக்கு ஒரே அடுப்பு.

எங்களுக்குள் ஒரு வழக்கம். யார் காய்ச்சிய பீரைக் குடிக்கிறோமோ அவர் கையில்தான் இடுக்கி. இடுக்கி வைத்திருப்பவர்தான் கறியைப் புரட்டுவார். யாருக்கு எந்தத் துண்டு என்று அவர் சொல்வதுதான் தீர்ப்பு. மற்ற ஆண்பிள்ளை வெங்காயம் நறுக்கவேண்டும். அலோயிஸ் தன் வீட்டு நிலவறையில் பீர் காய்ச்சுகிறவர். எர்வின் காய்ச்சாதவர். ஆகவே வருஷா வருஷம் அலோயிஸுக்கு இடுக்கி, எர்வினுக்கு வெங்காயம்.

இந்தக் கதைக்கு முந்தின வருஷம் மே மாதம் அலோயிஸ் இடுக்கியைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "எர்வின், வெங்காயத்துல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லடா. அழுதுகிட்டே நறுக்குற பாரு, அந்த உப்புதான் கறிக்கே ருசி."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டேன். அங்கேதான் வந்தது வினை. வீட்டுக்குத் திரும்பும்போது எர்வின் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய் முடிகிறவரை நின்றார். கேட் ஏறியதும், எதிரே இருந்த சிக்னல் கம்பத்தைப் பார்த்துச் சபதம் செய்தார்.

"அடுத்த மே மாசம் இடுக்கி என் கையில இருக்கும். இல்லன்னா நான் எர்வின் இல்ல."

அந்தச் சபதத்தைக் கேட்டதுமே நான் சிலுவை போட்டுக்கொண்டேன். காரணம் இருக்கிறது. எர்வின் சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலை பார்த்தவர். பாறையில் துளை போட்டு, மருந்தை இறக்கி, துளையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, ஆட்களையெல்லாம் ஒதுக்கி நிறுத்தி, மூன்று தடவை குரல் கொடுத்துவிட்டு வெடிப்பார். அதில் அவருக்கு நல்ல பெயர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் வெடிப்பதற்கு என்னைத் தவிர எதுவும் இல்லாமல் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நான் அவருக்கு ஒரு கண்ணாடிக் கோல் வாங்கிக் கொடுத்தேன். பீரில் மிதக்கவிட்டால், ஈஸ்ட் தின்னாமல் இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்று அது காட்டுமாம். கடைக்காரி சொன்னாள், சர்க்கரை தீர்ந்ததென்று அது காட்டாமல் பாட்டிலில் அடைக்காதீர்கள் என்று. எர்வின் நன்றி சொல்லி, அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்தார். கோல் வைத்துப் பார்ப்பவன் கத்துக்குட்டி என்றார். அவருக்குக் காது போதுமாம். பாறை விரிசல் விடுவதையே காதால் கேட்டவராம்.

தவக்காலம் பாதியில் இருக்கும்போது காய்ச்சினார். சமையலறையே கசப்பாக மணத்தது. ஆறிய பிறகு பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, மூடி, ஜன்னலடியில் வைத்தார். மூடியில் ஒரு வளைந்த குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே புளிக்கப் புளிக்க அந்தக் குழாய் 'ப்ளப்' என்று ஒரு குமிழ் விடும். எர்வின் நாற்காலியை இழுத்துப்போட்டு, வாளியில் காதை வைத்து உட்கார்ந்திருப்பார். நான் சொல்வதை அவர் அவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டதில்லை.

வாளிக்குப் பக்கத்திலேயே என்னுடைய ஜாடி. ஈஸ்டருக்கு ஜூர் சூப் வைப்பதற்காக ரை தானிய மாவைக் கரைத்துப் புளிக்கப் போட்டிருந்தேன். அதுவும் மெல்லக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஜன்னலடியில் அண்ணன் தம்பி மாதிரி உட்கார்ந்திருந்தன.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் வந்தது.

புனித வாரத்தில் ஜன்னல் கழுவாத பெண் எங்கள் குடியிருப்பில் கிடையாது. திரைச்சீலையைக் கழற்றி, சட்டங்களைத் துடைத்து, கண்ணாடியை உரசி உரசிக் கழுவவேண்டும். எதிர்வீட்டு ரோசா தன் ஜன்னலைக் கழுவிவிட்டு என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வருஷம் அந்த வாரம் பார்த்துப் பனி கொட்டியது. அதற்காகக் கழுவாமல் விட முடியுமா? எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு கழுவினேன். சமையலறை இறைச்சிக் கடை மாதிரிச் சில்லிட்டுப்போனது.

வாளி குமிழ் விடுவதை நிறுத்தியது. என் ஜாடியும் நிறுத்தியது.

எர்வின் வாளியில் காதை வைத்தார். கண்ணை மூடினார். "முடிஞ்சுது" என்றார்.

புனித சனிக்கிழமை நான் முட்டையும் ரொட்டியும் மந்திரிக்கக் கூடையோடு கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அத்தனையையும் பாட்டிலில் அடைத்துவிட்டார். பீர் நுரைக்கவேண்டும் என்பதற்காகப் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை வேறு. பீங்கான் மூடியும் கம்பிப் பூட்டும் போட்ட பாட்டில்கள். புது ரப்பர் வளையம் மாட்டி, கம்பியை அழுத்திப் பூட்டி, தோட்டத்துக் குடிலுக்குக் கொண்டுபோய்ப் பெட்டிப் பெஞ்சுக்குள் அடுக்கிவைத்தார். அந்தப் பெஞ்சு தெரியவேண்டும் உங்களுக்கு. பலகையைத் தூக்கினால் உள்ளே பெட்டி. பலகையை மூடினால் மேலே நாங்கள் உட்காருகிற இடம்.

ஈஸ்டர் முடிந்தது, வெயில் வந்தது. ஒருநாள் காலையில் சமையலறைக்குப் போனேன். சூப்புக்குப் போக மிச்சம் இருந்த என் ஜாடியின் மூடி தரையில் கிடந்தது. மாவுக் கரைசல் பொங்கிச் சுவரெல்லாம் வழிந்திருந்தது. செத்துப்போனது என்று நான் நினைத்திருந்த ஜாடி.

துணியை எடுத்துத் துடைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஜாடி சாகவில்லை. குளிரில் தூங்கியிருக்கிறது. வெயில் வந்ததும் எழுந்துகொண்டது. அப்படியானால் அதன் அண்ணன்?

எர்வின் காபி குடித்துக்கொண்டிருந்தார். துடைத்த துணியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"எர்வின், உன் பீர் முடியல. தூங்கிப்போச்சு. நான் ஜன்னலைத் தொறந்து போட்டேன்ல, குளிர்ல தூங்கிப்போச்சு."

"பீர் தூங்காது."

"ஜாடி தூங்குச்சே. இப்ப எழுந்து மூடியைத் தள்ளிருச்சு. அதுக்குப் பூட்டு இல்ல, தப்பிச்சோம். உன்னோடதுக்குப் பூட்டு இருக்கு. அதுல சர்க்கரையும் போட்டிருக்க."

"ஹில்டா, சூப் வேற, பீர் வேற."

"வெடிச்சா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"வெடிக்கறதைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்ற?"

வெடி வைத்த மனிதரிடம் வெடியைப் பற்றி ஜூர் சூப் வைக்கிறவள் பேசக் கூடாது.

ஏப்ரல் கடைசி வாரம் கோடை மாதிரிக் கொளுத்தியது. நான் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போவது போலப் போய்ப் பெஞ்சின் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் ஈரம். ஒரு பாட்டில் இருந்த இடத்தில் அதன் அடிப்பாகம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. மிச்சக் கண்ணாடி எங்கே என்று தேடினேன். பலகையின் உள்பக்கத்தில் குத்திக்கொண்டு நின்றது, விரல் நீளத்துக்கு. மே முதல் தேதி அந்தப் பலகைக்கு மேல்தான் அலோயிஸும் ட்ரூடாவும் உட்காருவார்கள்.

பலகையை மெதுவாக இறக்கினேன். அதைவிட மெதுவாக எங்கள் வீட்டில் குழந்தையைக்கூட யாரும் தொட்டிலில் போட்டதில்லை. அன்று மாலை எர்வினிடம் சொன்னேன். பூனை தட்டியிருக்கும் என்றார். மூடிய பெட்டிக்குள் பூனை எப்படிப் போகும் என்றேன். பூனை எங்கேயும் போகும் என்றார். பூனை கண்ணாடியைப் பலகையில் அடித்து ஏற்றுமா என்றேன். அது எந்தப் பூனை என்பதைப் பொறுத்தது என்றார்.

இதற்கு மேல் வற்புறுத்தினால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஆபத்தில்லை என்று நிரூபிப்பதற்காக அந்தப் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அலோயிஸிடம் சொன்னால் மறுநாள் குடியிருப்பு முழுக்கச் சிரிக்கும். எர்வின் ஆயுசுக்கும் வெங்காயம்தான். சொல்லாமல் விட்டால் யாருக்காவது கண் போகும். கறி ஊறப்போடும்போது மிளகு போட்டேனா என்பதே மறந்துபோகிற அளவுக்கு இது என்னை அரித்தது.

விடுமுறைக்கு முந்தின நாள் ஆண்கள் இருவரும் இறைச்சிக் கடை வரிசையில் நிற்கப் போய்விட்டார்கள். அது சீக்கிரம் நகராத வரிசை. நான் நேராக ட்ரூடாவிடம் போனேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். ட்ரூடா சிரிக்கவில்லை. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எழுந்துபோய் ஒரு பழைய கம்பளியையும், தடித்த கையுறைகளையும், தள்ளுவண்டிப் பையையும் எடுத்துவந்தாள்.

"அவனோட சுரங்கத் தொப்பி எங்க?"

"யாரோடது?"

"உன் வீட்டுக்காரனோடது. போட்டுக்கோ. பெரிய கோட்டும் போட்டுக்கோ."

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், குளிர்காலக் கோட்டும் சுரங்கத் தொப்பியுமாக இரண்டு பெண்கள் தோட்டத்துக்குப் போனோம். வழியில் ரோசா பார்த்தாள். நான் அவளுக்கு வணக்கம் சொன்னேன். வேறு என்ன செய்வது?

ட்ரூடா கம்பளியை நனைத்துப் பாட்டிலின் மேல் போர்த்தினாள். கையை அடியில் விட்டு, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். உள்ளே பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். கம்பளி உப்பி எழுந்து அடங்கியது. நுரை பாத்தி வரைக்கும் ஓடியது. அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். அவள் கை நடுங்கவே இல்லை. இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று எனக்கு ஆச்சரியம்.

எல்லாம் முடிந்து, மிச்சத்தை வேலியோரம் கவிழ்த்து, பாட்டில்களைக் கழுவினோம். ட்ரூடா தள்ளுவண்டிப் பையைத் திறந்தாள். உள்ளே கடைப் பீர் கேன்கள், இருப்பதிலேயே மலிவான ரகம். ஒன்றை உடைத்து எர்வினின் பாட்டிலில் நிதானமாக ஊற்றினாள்.

"ட்ரூடா, வீட்ல இவ்வளவு கேன் எதுக்கு வெச்சிருக்க?"

அவள் நிமிரவில்லை.

"அலோயிஸ் காய்ச்சின பீரை நீ குடிச்சதே இல்ல ஹில்டா. யாருமே குடிச்சதில்ல. முதல் தடவையே நிலவறை ஜன்னல் போச்சு. கண்ணாடி அவன் காதை உரசிக்கிட்டுப் போச்சு. அன்னைலேர்ந்து அவன் காய்ச்சுவான், நான் கொட்டுவேன்."

நான் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை மே மாதம் அந்தப் பீரைக் குடித்துவிட்டு 'அலோயிஸ் கைக்கு இப்படி ஒரு மணமா' என்று சொல்லியிருக்கிறேன்.

பாட்டில்களைத் திரும்ப அடுக்கும்போது ட்ரூடா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு இடம் காலியாக இருக்கிறதே என்றாள். ஒன்று உடைந்தது என்றேன். இன்னொன்று? எர்வின் ருசி பார்க்க எடுத்திருப்பார் என்று நானே ஒரு பதிலைச் சொல்லி, அதை நானே நம்பவும் செய்தேன். களைப்பு அப்படி.

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காலையில் சுரங்கத்து இசைக்குழுவின் பின்னால் அணிவகுப்பில் நடந்துவிட்டு, சுரங்கக்காரர்களின் கறுப்பு விழாச் சீருடையும் தலையில் இறகு வைத்த தொப்பியுமாக எர்வின் நேராகத் தோட்டத்துக்கு வந்தார். தொப்பியை ஆணியில் மாட்டினார். கரி கனன்றுகொண்டிருந்தது. இடுக்கி யார் கையிலும் இல்லாமல் மேஜை நடுவில் கிடந்தது. அலோயிஸ் தன் பீர் பாட்டில்களைக் கொண்டுவந்து ஒரு பக்கம் வைத்தார். அவரும் ட்ரூடாவும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. பெஞ்சுக்கடியில் கடைப் பீர்தானே. மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சை முழுதாக இழுத்தேன்.

அப்போது எர்வின் தன் முதுகுப் பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். காலுறைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை உருவினார். கழுத்தில் சிவப்பு நாடா கட்டியிருந்தது.

"இதைத் தனியா வெச்சிருந்தேன். பாய்லருக்குப் பின்னால. கதகதப்பா. இதுதான் முதல் பாட்டில். அலோயிஸுக்கு."

இழுத்த மூச்சு எனக்கு வெளியே வரவில்லை.

பாட்டிலை மேஜையில் வைத்தார், அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி. நான் குனிந்து பார்த்தேன். ரப்பர் வளையம் பிதுங்கியிருந்தது. பீங்கான் மூடி ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு, கம்பியின் தயவில் உட்கார்ந்திருந்தது. ட்ரூடாவும் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

முதலில் சாப்பிடலாமே என்றேன். பீர் முதலில் என்றார். பாட்டில் சூடாகிறது என்று ஈரத் துண்டைப் போர்த்தினேன். நிறம் தெரியவேண்டும் என்று துண்டை எடுத்துவிட்டார். நிழலுக்கு நகர்த்தினேன். திரும்ப வெயிலுக்கு நகர்த்தினார். அலோயிஸ் சாய்ந்து உட்கார்ந்து, பாட்டிலை விரல் நகத்தால் 'டிங்' என்று சுண்டினார். ட்ரூடாவின் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது.

"அடியில படிவு நெறைய இருக்கே. ஒரு குலுக்குக் குலுக்கிப் பாக்கட்டுமா?" என்றார் அலோயிஸ். சொல்லிக்கொண்டே கையிலும் எடுத்துவிட்டார்.

"என் பீரை நீ குலுக்காத." எர்வின் அதை வெடுக்கென்று பிடுங்கினார். என் உயிர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. "நானே தொறக்கறேன்."

பாட்டிலை மார்போடு அணைத்து, கட்டைவிரலைக் கம்பியின் மேல் வைத்தார். முகம் பாட்டிலுக்கு நேர் மேலே.

வேண்டாம் என்று கத்தினால் அந்த விரல் அழுத்தும். ஆபத்து என்றால் சிரித்துக்கொண்டே அழுத்தும். இத்தனை வருஷ வாழ்க்கையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதனால் என் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"எர்வின், இப்படியேவா தொறக்கப் போற? லெமனேட் மாதிரியா?"

விரல் நின்றது.

"வேற எப்படித் தொறக்கறதாம்?"

"எனக்கென்ன தெரியும். வெடிக்கு முன்னால ஆளை ஒதுக்கணும், அடைப்பு வெக்கணும், மூணு தடவை குரல் குடுக்கணும்னு நீதான் சொல்வ. உன் கையால செஞ்ச முதல் பீர் இது. அலோயிஸ் தொறக்கற மாதிரியே நீயும் தொறந்தா, அதே மாதிரிப் பீருன்னுதானே நெனைப்பாங்க."

அலோயிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பீருக்கு வெடி வெக்கப் போறானாம். தொப்பியையும் மாட்டிக்கடா எர்வின்."

கடவுள் அலோயிஸை நன்றாக வைத்திருக்கட்டும். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் என் பேச்சு எடுபட்டிருக்காது. எர்வின் நிமிர்ந்தார். பழைய எர்வின் எழுந்து நின்றார். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். இறகு ஆடியது.

"மணல் வாளி எங்க?"

தீ அணைக்க வைத்திருந்த வாளியை நான் ஓடிப்போய்க் காட்டினேன். வாளியைத் தோட்டத்தின் கோடிக்குத் தூக்கிப்போனார். பாட்டிலை நடுவில் வைத்துக் கழுத்துவரை மணலில் புதைத்தார். சுற்றிலும் உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் நான் செத்துப் பிழைத்தேன். தக்காளி கட்டுகிற கயிற்றின் ஒரு முனையைக் கம்பிப் பூட்டில் முடிந்து, மறுமுனையை விட்டுக்கொண்டே ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் வந்தார். எங்களைக் குடிலுக்குப் பின்னால் போகச் சொன்னார். அலோயிஸ் நகராமல் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அலோயிஸ், எந்திரி. வெடிக்காரன் சொன்னா மேனேஜரே ஒதுங்குவாரு."

முணுமுணுத்துக்கொண்டே அவரும் வந்தார். எர்வின் குரல் கொடுத்தார். ஒருமுறை. பக்கத்துத் தோட்டங்களில் தலைகள் எழும்பின. இரண்டாம் முறை. ட்ரூடா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுண்டினார்.

நான் அதை எப்படிச் சொல்வது? கதவை யாரோ முகத்தில் அறைந்து சாத்திய மாதிரி இருந்தது. ரயில் பாதையிலிருந்த காக்கைகள் அத்தனையும் எழுந்தன. நுரை மரத்தின் உயரத்துக்குப் போய், பூத்திருந்த கிளையெல்லாம் நனைத்துக்கொண்டு இறங்கியது. மூடியும் கம்பியும் குடிலின் தகரக் கூரையில் வந்து விழுந்தன. பாதி மணல் என் உருளைக்கிழங்கு சாலட்டில் இருந்தது.

பிறகு எல்லாத் தோட்டத்திலிருந்தும் கைதட்டினார்கள். எர்வின் கதையில் வருகிற கைதட்டல் அதுதான்.

எர்வின் முதல் ஆளாக வாளிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். உள்ளே பாட்டில் என்று எதுவும் இல்லை. துண்டுத் துண்டாகக் கண்ணாடி மணலில் குத்திக்கொண்டு நின்றது. எர்வின் அதைப் பார்த்தார். தன் மார்பைப் பார்த்தார். சற்று முன்பு அதை அணைத்துக்கொண்டிருந்த இடம். தொப்பி இறகு நடுங்கியது போல இருந்தது, காற்றாகவும் இருக்கலாம். அலோயிஸ் வருகிற காலடிச் சத்தம் கேட்டது. எர்வின் பூட்ஸ் காலை வாளிக்குள் விட்டு மணலை இழுத்துக் கண்ணாடியை மூடினார்.

"அடைப்பு நல்லா விழுந்துச்சு" என்றார், சின்னக் குரலில்.

அலோயிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நனைந்த ஆப்பிள் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "என் பீர் ஒருநாளும் இப்படிப் பேசினதில்லடா" என்றார். ட்ரூடாவுக்கு இருமல் வந்துவிட்டது.

பெஞ்சைத் திறந்து எர்வினின் பாட்டில்களை எடுத்தோம். இரண்டு பீரையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றினோம். அலோயிஸ் எர்வினுடையதைக் குடித்து, நாக்கில் உருட்டி, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தன்னுடையதில் இன்னும் கொஞ்சம் ஆழம் உண்டு என்றார். எர்வின் அலோயிஸுடையதைக் குடித்து, மெலிவு என்றார், மால்ட் போதாது என்றார். நான் க்ருப்னியோக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள் ட்ரூடா.

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பாவம், பெண்களுக்கு அந்த நாக்கு கிடையாது என்று அலோயிஸ் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். எர்வின் அதை முழுமனதோடு ஒப்புக்கொண்டார். பிறகு அலோயிஸ் இடுக்கியை எடுத்து, இரண்டு கையாலும் எர்வினிடம் நீட்டினார். தானே போய் வெங்காயக் கூடையின் முன் உட்கார்ந்தார்.

கண்ணாடியைப் பார்த்தவர், இனிக் காய்ச்சமாட்டார் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில் குளிர்காலம் முழுக்க நன்றாகத் தூங்கினேன். தவக்காலம் வந்தது. எர்வின் இரண்டு வாளிகளோடு சமையலறைக்குள் வந்தார்.

இந்த வருஷம் புனித வாரத்தில் சமையலறை ஜன்னலை மட்டும் நான் கழுவவில்லை. ரோசா எதிரே நின்று பார்த்தாள், கோவிலில் என் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தாள். பரவாயில்லை. விடுமுறைக்கு முந்தின நாள் ட்ரூடா கம்பளியோடு வந்தாள், பெட்டிப் பெஞ்சை முடித்தோம். அதற்கப்புறம் நான் தனியாக வீட்டுக்கு வந்து, பாய்லருக்குப் பின்னாலிருந்து காலுறையை எடுத்து, அந்தப் பாட்டிலையும் நனைந்த கம்பளிக்கடியில் திறந்து கவிழ்த்துவிட்டு, மணல் வாளிக்குப் போகிறதை யாரும் குடிக்கப்போவதில்லை என்று கடைச் சோடாவில் கொஞ்சம் கருக்கிய சர்க்கரை கலந்து நிரப்பி, நாடாவையும் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எர்வின் இறகுத் தொப்பியோடு வந்து காலுறையை உருவினார். பாட்டிலில் காதை வைத்தார். கண்ணை மூடினார்.

"பழுத்துருச்சு" என்றார்.